சித்திரையில் பார்த்த வடிகால்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

உங்கள் நிர்வாகத்திடமிருந்து ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. ஒன்று அழைப்பு. 1971 போரில் கலந்துகொண்ட முன்னாள் படைவீரர் என்று சுதந்திர தின விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். இன்னொன்று, எங்கள் ஊர் வடிகால் பாலத்தை இடித்துக் குழாய் புதைத்ததால் தண்ணீர் வடியவில்லை என்று நான் கொடுத்த மனு முடித்து வைக்கப்பட்டதாகச் சொல்லும் பதில். கள ஆய்வு செய்தார்களாம். தண்ணீர் தடையின்றிச் செல்கிறதாம். மேல்நடவடிக்கை தேவையில்லையாம். ஆய்வு நடந்த தேதியையும் மறக்காமல் போட்டிருக்கிறார்கள். அது சித்திரை மாதத்துத் தேதி.

மேட்டூர் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12இல் திறப்பார்கள், ஜனவரி 28இல் மூடுவார்கள். டெல்டாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சித்திரையில் எங்கள் வடிகாலில் ஆடு மேயும். பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே எந்தத் தண்ணீர் தடையில்லாமல் போனதோ தெரியவில்லை. வந்தவர் பந்து உருண்டதைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ.

மறுபடி மனு கொடுங்கள் என்கிறார்கள். கொடுப்பேன். ஆனால் மனு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதனால் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். தட்டச்சு செய்து தருவது என் பேத்தி. சில இடங்களில் கோபத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்திருக்கிறேன்.

நான் யார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக அல்ல. ஒரு பாலத்தில் தண்ணீர் போகும் கண் எத்தனை, தரைமட்டம் எவ்வளவு என்று பேச எனக்கு என்ன தகுதி என்று ஒருவர் நேராகவே கேட்டார், அதற்காக.

1949இல் பிறந்தவன். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஒரு சின்ன ஊர். அப்பா குத்தகை விவசாயி. விளைச்சலில் நிலக்காரருக்கு அளந்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. 1968இல் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் மையத்தில் பயிற்சி. எங்கள் ஆட்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரியும் 'தம்பி' என்பார். துப்பாக்கி உண்டு, ஆனால் கையில் அதிக நேரம் இருந்தது மண்வெட்டியும் கம்பியும்தான். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு மட்டம் எடுக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை.

1971 டிசம்பரில் நாங்கள் பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கர் பக்கம் இருந்தோம். பசந்தர் என்று ஓர் ஆறு, ராவியில் போய்ச் சேர்வது. அதன் கரைகளில் எதிரி கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தான். ஓர் அடி இரண்டு அடி அல்ல, ஆயிரம் மீட்டருக்கும் மேல் அகலமான வயல் முழுக்க. அக்கரையில் காலாட்படை போய்ப் பிடித்த இடத்துக்கு நம் டாங்கிகள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பாதை எடுத்துக் கொடுக்க வேண்டியது சாப்பர்கள். கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திப் பார்த்து, தட்டுப்படுவதைக் கையால் தோண்டி எடுத்து, சுத்தமான இடத்துக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவோம். தலைக்கு மேல் குண்டு போய்க்கொண்டிருக்கும். குளிரில் விரல் விறைத்துப் போகும். விறைத்த விரலுக்குக் கம்பி என்ன சொல்கிறது என்று தெரியாது. அதனால் விரலை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி குத்துவோம்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். டிசம்பர் 15ஆம் தேதி இரவு பாதை முழுவதும் முடியவில்லை. முன்னால் இருந்த காலாட்படை டாங்கி இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத நிலை. அப்போது 'பாதை தயார்' என்று யாரும் பொய் சொல்லவில்லை. இன்னும் முடியவில்லை என்றுதான் செய்தி போனது. முடியவில்லை என்று தெரிந்தே பூனா ஹார்ஸ் என்ற ரெஜிமெண்டின் டாங்கிகள் அந்தப் பாதையில் வந்தன. மறுநாள் அந்த ரெஜிமெண்டைச் சேர்ந்த அருண் கேத்ரபால் டாங்கிச் சண்டையில் உயிர் விட்டார். அவருக்கு வயது 21. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தெரிந்து வந்தார்கள். தெரியாமல் வரவைக்கப்படவில்லை. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஓரிடம் சுத்தம் என்று சொன்னவன் முதலில் அதன் மேல் நடந்து காட்ட வேண்டும்.

இந்த வழக்கத்தில் வளர்ந்தவன் கையில்தான், தண்ணீர் தடையின்றிச் செல்கிறது என்ற தாளைக் கொடுத்திருக்கிறீர்கள்.

மிச்ச சர்வீஸ் பெரும்பாலும் பாலம் போடுவதிலேயே போனது. 1986இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தேன். அதுவரை இங்கே விவசாயத்தைப் பார்த்தது என் மனைவிதான். நான் விவசாயி ஆனேன் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் ஏற்கெனவே விவசாயியாக இருந்த ஒருத்திக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தபோது நான் வடக்கே இருந்தேன். ரொம்ப நாள் கழித்து அவள் எழுதிய இன்லேண்ட் லெட்டர் கைக்கு வந்தது. கூரை போனது, தென்னை போனது, மாடு பிழைத்தது என்று எழுதிவிட்டு, 'தண்ணி மட்டும் மூணாம் நாள் வடிஞ்சிருச்சு, நட்டது தப்பிச்சுது' என்று எழுதியிருந்தாள். எப்படி வடிந்தது என்று விடுப்பில் வந்தபோது கேட்டேன். ஊருக்குக் கிழக்கே கூட்டிப்போய் அந்தப் பாலத்தைக் காட்டினாள். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வளைவு, சுண்ணாம்புக் காரை, மூன்று கண்.

ஓய்வு பெற்ற பணத்தில் நிலம் வாங்கினோம். மேட்டு நிலம் வாங்கக் காசு போதவில்லை. பள்ளக்கால் நிலம் நாலு ஏக்கர் சொச்சம், 13 மா, மலிவாக வந்தது. தண்ணீர் நிற்கும் நிலமாச்சே என்று நான் தயங்கினேன். 'பள்ளம்னு பயப்படாதீங்க, மூணு கண்ணு இருக்கு' என்றாள். அந்த மூன்று கண்ணை நம்பித்தான் என் 18 வருஷப் பட்டாளத்துக் காசையும் அந்த மண்ணில் போட்டோம். என்னைப் போலவே அந்த வடிகாலை நம்பிப் பள்ள நிலம் வாங்கியவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள் அந்த வரிசையில் நிறையப் பேர். அவர்களில் யாருக்கும் பொன்னாடை அழைப்பு வரவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான். குறுவைக்கு ஆடுதுறை 36 நெல், பிறகு 43. சம்பாவுக்கு சி.ஆர். 1009 ரகம். கர்நாடகம் தண்ணீர் தராத ஆண்டுகளில் குறுவையை விட்டோம். 2016இல் சம்பாவும் காய்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் டெல்டாவில் எத்தனை வீடுகளில் விவசாயியைப் பறிகொடுத்தார்கள் என்பது உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை ஏறியது. சாலையில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்து வழி எடுக்க, அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் ரம்பத்தோடு சேர்ந்தோம். சராசரி வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். யாரையும் எதிர்பார்க்கவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. கஜாவில்கூட எங்கள் வயலில் தண்ணீர் தங்கவில்லை. மூன்று கண் இருந்தது.

ஆண்டுதோறும் வைகாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கட்டி, அந்த வடிகாலை ஊரே சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்வோம். வெங்காயத்தாமரையை இழுத்துப் போடுவோம். நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பிடுங்குவோம், விட்டால் அடுத்த மழைக்குள் ஆள் உயரம் வந்துவிடும். பாலத்தின் கண்ணுக்குள் ஆள் குனிந்து போய் வண்டலை அள்ளிவிட்டு அந்தப் பக்கம் வெளியே வருவான். இந்த வேலையை முறைப்படி நடத்துவது என் பொறுப்பு. பட்டாளத்துப் பழக்கம், முளையடித்துக் கயிறு கட்டித்தான் வெட்டச் சொல்வேன். இளவட்டங்கள் சிரிப்பார்கள். வெட்டுவார்கள்.

2023இல் சாலையை அகலப்படுத்தினார்கள். சாலையை நான் குறை சொல்லவில்லை. முன்பு மழைக்காலத்தில் பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோக டிராக்டர்தான் கதி. இப்போது 108 வாசலுக்கு வருகிறது. அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும். ஆனால் பழைய மூன்று கண் பாலத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் இரண்டைப் புதைத்து மண்ணை மூடிவிட்டார்கள். வேலை நடந்தபோதே போய்ச் சொன்னோம். ஒப்பந்தக்காரரின் ஆள், 'எஸ்டிமேட்டில் இதுதான் இருக்கு' என்றான். எஸ்டிமேட் போட்டவர் யார் என்று கேட்டோம். அவர் மாறிப் போய்விட்டார் என்றான்.

கணக்கு இது. பழைய கண் ஒன்று நாலடி அகலம், வளைவின் உச்சிவரை நாலடி உயரம். வளைவில் போகிறதைக் கழித்தாலும் மூன்று கண்ணும் சேர்ந்து 40 சதுர அடித் திறப்புக்குக் குறையாது. மூன்றடிக் குழாய் இரண்டும் சேர்ந்தால் 14 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு வழியில் அதே தண்ணீர் போக வேண்டும்.

இதுகூடப் பெரிய குற்றம் இல்லை, தண்ணீர் மெதுவாகவாவது போகும் என்று இருக்கலாம். பெரிய குற்றம் மட்டத்தில் இருக்கிறது. குழாயின் அடி, வடிகாலின் தரையைவிட 14 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனாரிடம், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் வாங்கி, மேலே கீழே முளையடித்து, பேத்தியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி எடுத்த மட்டம். அளவுத் தாளை இரண்டு துறைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். மலைப் பக்கத்தில் 14 அங்குலம் ஒன்றுமில்லை. இங்கே நிலம் பலகை போல இருக்கிறது. எங்கள் வடிகாலில் மைலுக்கு ஓரடி சரிவு கிடைத்தால் பெரிது. 14 அங்குலத்தை ஒரே இடத்தில் தூக்கி வைத்தால், ஒரு மைலுக்கு மேல் சரிவைத் தின்றாயிற்று. தண்ணீர் குழாயின் வாயைத் தொடும்வரை பின்னால் பரவிக்கொண்டே போகும். பரவுகிற இடம் எங்கள் வயலும், அதற்கு மேற்கே கீழத்தெரு வீடுகளும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வடிகால் கடைசியில் கடலில் சேர்கிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கடைமடை வடிகால் எதுவும் வடியாது, எதிர்த்துக்கொண்டு நிற்கும். வற்றத்தில் கிடைக்கிற சில மணி நேரத்தில்தான் தண்ணீர் வெளியே போக வேண்டும். அந்த நேரத்துக்குள் 40 சதுர அடி தள்ளியதை 14 சதுர அடி தள்ளாது. மீதி அடுத்த வற்றத்துக்குக் காத்திருக்கும், அதற்குள் மேலே இன்னொரு மழை பெய்திருக்கும். இதெல்லாம் சித்திரையில் வந்து பார்த்தால் தெரியாது.

2024 நவம்பர் கடைசியில், ஃபெங்கல் புயலாக மாறுவதற்கு முன் அந்தத் தாழ்வு மண்டலம் டெல்டாவில் கொட்டிய மழை நினைவிருக்கும். சாலைக்குக் கிழக்கே மூன்றாம் நாள் வரப்பு தெரிந்துவிட்டது. மேற்கே பயிர் தெரியவில்லை. ஒரே மழை, ஒரே வடிகால், நடுவில் ஒரு சாலை. சாலையின் மேல் நின்று இரண்டு பக்கமும் எடுத்த படங்கள் இருக்கின்றன. பேத்தி தேதியோடு எடுத்திருக்கிறாள். வெங்காயத்தாமரை வந்து குழாய் வாயை அடைத்துக்கொண்டது. பழைய கண் என்றால் ஆள் இறங்கிப் பிடுங்கிவிடுவான். சாலையின் அகலம் முழுக்க நீளும் மூன்றடிக் குழாய்க்குள், தண்ணீர் ஓடும்போது எவனை அனுப்புவது? மூங்கிலால் குத்திக் குத்திப் பார்த்தோம்.

கீழத்தெருவில் அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். அந்தத் தெருப் பெண்கள்தான் எங்கள் வயலில் நடவு நட்டவர்கள். நட்டதும் போனது, களை எடுக்கிற வேலையும் போனது. நிலம் வைத்திருப்பவனுக்கு நஷ்டம் என்று எழுத ஒரு கட்டமாவது இருக்கிறது. அவர்களுடைய கூலிக்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

அன்று ராத்திரி இளவட்டங்கள் கடப்பாரையோடு வந்தார்கள், சாலையை வெட்டிவிடலாம் என்று. ஒருவன் என்னிடம், 'தாத்தா, உங்களுக்கு வெடி வைக்கத் தெரியும்ல' என்றான். தெரியும். ஆட்சியருக்கு எழுதுகிற கடிதத்தில் இதைச் சொல்லலாமா என்று பேத்தி கேட்கிறாள். சொல்லலாம், ஏனென்றால் வெட்டவிடாமல் தடுத்தது நான்தான். அந்தப் பக்கத்து ஊரில் டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார், சாலை போனால் அவர் போய்விடுவார் என்று சொன்னேன். முறைப்படி எழுதிக் கேட்போம், அரசாங்கம் செய்யும் என்றும் சொன்னேன். அவர்கள் இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் மனு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். உங்கள் பதிலை அவர்களிடம் இன்னும் காட்டவில்லை.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அன்று என்னை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். மேடையில் ஒருவர் பேசும்போது ஜவானும் விவசாயியும் நாட்டின் இரண்டு கண்கள் என்றார். வீட்டுக்கு வந்தபோது வயலில் தண்ணீர் இன்னும் முழங்கால் அளவு நின்றது. சால்வைகளை என் மனைவி விதை மூட்டைமேல் தூசி படாமல் போர்த்தி வைத்திருக்கிறாள். அந்த ஆண்டு போர்த்த விதை மிஞ்சவில்லை.

வெள்ளம் தாங்கும் ரகம் போட வேண்டியதுதானே என்று ஓர் அதிகாரி கேட்டார். போட்டுத்தான் இருந்தோம். சி.ஆர். 1009 சப்-1 இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும் என்பது உண்மை. அது தூர் கட்டுகிற பருவத்தில், நல்ல தண்ணீரில், ஒரு தடவை. கதிர் உருவாகிற நேரத்தில் கலங்கல் நீரில் மூழ்கி, பாதி வடிந்து, மறுபடி மூழ்கினால் எந்த ரகமும் பதர்தான். ஆராய்ச்சி செய்து நல்ல விதை கொடுத்தவர்களுக்கு நன்றி. அவர்கள் விதை கொடுத்தது புயலுக்காக, குழாய்க்காக அல்ல.

காப்பீடு கட்டியிருந்தோம். கிராமத்துச் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்ததால் சராசரி கெடவில்லை. பள்ளத்து வயல்களுக்கு ஒன்றும் வரவில்லை. மழை நிவாரணத்துக்கு 33 சதவீதம் பாதித்திருக்க வேண்டும் என்றார்கள். எழுத வந்தவர் சாலையில் வண்டியை நிறுத்திக் கிழக்குப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். பட்டியலில் எங்கள் வரிசை இல்லை. அதைப் பார்த்தேன்.

அடுத்த மழையிலும் இதே கதைதான். திரும்பச் சொல்லவில்லை.

மனு போன வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலை போட்ட துறை, வடிகால் எங்களுடையது இல்லை என்றது. வடிகாலைப் பார்க்கும் துறை, பாலம் எங்களுடையது இல்லை என்றது. மூன்றாவதாக ஓர் அலுவலகம், இரண்டும் எங்களுடையது இல்லை என்றது. அது ஒன்றுதான் உண்மை. நடுவில் ஓர் இளம் பொறியாளர் வந்தார். நான் எடுத்த மட்டத்தைத் தன் கருவியில் சரிபார்த்தார். அரை அங்குலம்தான் வித்தியாசம். 'ஐயா, நீங்க சொல்றது சரிதான்' என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பிள்ளை, அவர் யாரென்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நிர்வாகத்தில் ஒருவருக்கு உண்மை தெரியும். தெரிந்தவரால் எழுத முடியவில்லை, தெரியாதவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இதை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

ஒருவரைத் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. சித்திரை வெயிலில் வந்தவருக்கு அன்று இன்னும் எத்தனை இடம் பார்க்க வேண்டியிருந்ததோ. மாதக் கடைசிக்குள் நிலுவை மனு குறைய வேண்டும் என்று அவருக்கு மேலே இருந்து நெருக்கியிருப்பார்கள். மனு குறைந்தது. தண்ணீர் குறையவில்லை.

நான் கேட்பது இவை.

முடித்து வைத்த மனுவைத் திறக்க உத்தரவிடுங்கள். இனி எங்கள் ஊர்த் தண்ணீர் சம்பந்தமான எந்த மனுவையும் கள ஆய்வு என்று சொல்லி முடிப்பதாக இருந்தால், வந்தவர் பெயர், பதவி, வந்த நேரம், பார்த்த விவசாயி ஒருவரின் கையெழுத்து எல்லாம் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். வடிகால் பற்றிய ஆய்வு வடிகாலில் தண்ணீர் இருக்கும்போது நடக்க வேண்டும். இதற்குப் பணம் எதுவும் செலவில்லை.

ஆவணி முடிவதற்குள் ஒரு நாள் குறியுங்கள். மூன்று அலுவலகங்களின் பொறியாளர்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அந்தச் சாலைமேல் நிற்க வேண்டும். தனித்தனியாக வந்தால் ஒருவரை ஒருவர் காட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் முன்னால் மட்டம் எடுக்கட்டும். என் அளவு தப்பு என்றால் அங்கேயே சொல்லட்டும், ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். சரி என்றால் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

குழாய்களை எடுத்துவிட்டு, தரைமட்டத்துக்கு இறக்கி, பழைய பாலத்தின் திறப்புக்குக் குறையாத பெட்டிப் பாலம் கட்ட வேண்டும். ஆள் இறங்கி வெங்காயத்தாமரையை எடுக்கும் உயரம் வேண்டும். அடுத்த குறுவைத் தண்ணீர் வருவதற்குள் இது முடிய வேண்டும், கோடையில் வேலை செய்யத் தோதான இடம். இந்த ஐப்பசி மழைக்குள் அது நடக்காது என்று எனக்கும் தெரியும், நானும் பாலம் கட்டியவன்தான். அதனால் இந்த மழைக்கு மட்டும் தற்காலிக ஏற்பாடாக, குழாய்களுக்குப் பக்கத்தில் வடிகால் தரைமட்டத்திலேயே இன்னும் இரண்டு குழாய் இறக்கிக் கொடுங்கள். அதோடு புரட்டாசி முடிவதற்குள் அங்கிருந்து கடல்வரை தாமரையை எடுங்கள். தூர்வாரும் பணி என்றால் பாசன வாய்க்காலோடு நிறுத்திவிடுகிறார்கள். வருகிற தண்ணீருக்குத் திட்டம் போடுகிற அளவுக்குப் போகிற தண்ணீருக்கும் போடுங்கள்.

2024 மழையில் விடுபட்ட பள்ளத்து வயல்களையும் கீழத்தெரு வீடுகளையும் மறுபடி கணக்கெடுக்கச் சொல்லுங்கள். படங்கள் தருகிறோம். குத்தகைதாரர் பெயரில் பயிர் இருந்தால் அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து நிலக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் ஒரு பாலத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சாலை நெடுகிலும் எத்தனை வடிகாலைக் குழாயாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து வெளியிடுங்கள். பழைய கண் எத்தனை, புதுத் திறப்பு எவ்வளவு, தரைமட்ட வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று கட்டம் போதும். மட்டம் எடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் பழைய சாப்பர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறோம். டியூபைப் பிடிக்க முழங்கால் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சுதந்திர தின அழைப்புக்கு என் பதில்: கூட்டு ஆய்வுக்கான தேதியை எழுத்தில் கொடுத்தால் விழாவுக்கு வருகிறேன். கொடுக்கவில்லை என்றால் என் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள். அன்றைக்கு எனக்கு வயலில் வேலை இருக்கிறது, சம்பா நாற்றங்காலுக்கு உழவு ஓட்ட வேண்டும்.

மனு எண், அளவுத் தாள், படங்கள் எல்லாம் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. இன்னொரு நகல் பதிவுத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார், மதராஸ் சாப்பர்ஸ்,
சாலைக்கு மேல்புறத்துப் பள்ளக்கால் விவசாயி